மைனர் அட்டை

வாக்களிக்கும் வயதைப் பதினெட்டிலிருந்து பதினாறாகக் குறைக்கலாமா என்று ஆராய ஒரு குழு அமைத்தார்கள். குழுவில் ஆக இளையவருக்கு அறுபத்து மூன்று வயது. மற்றவர்கள் அவரைத் தம்பி என்று கூப்பிட்டார்கள். காபி வரத் தாமதமானால் அவர்தான் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். அவர் கருத்தை யாரும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் வயதாகட்டும் என்று காத்திருந்தார்கள்.

எனக்கும் குழுவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவன். ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச்சுவர் எழுத்தைப் படிக்கச் சொல்லி, இப்போது நன்றாகத் தெரிகிறதா, முன்னால் நன்றாகத் தெரிந்ததா என்று நாள் முழுக்கக் கேட்பவன். வருகிறவர்களில் பாதிப் பேர் எழுத்தைப் படிப்பதில்லை. தங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் படித்ததை ஞாபகம் வைத்து ஒப்பிப்பார்கள். தேர்தலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

குழுவிடம் என்னை இழுத்துக்கொண்டு போனது வாலு. வாலு என் மனைவியின் தங்கை. அந்தப் பெயரை வைத்தது அவள் அக்கா. பெற்றோர் இல்லாததால் எங்களோடு வளர்ந்தாள். இப்போது என்னோடு வளர்கிறாள். வயது பதினேழு. தேர்தல் முடிந்து சில வாரம் கழித்துத்தான் பதினெட்டு.

என் மனைவி போன மழைக்காலத்தில் இறந்தாள். பள்ளிக்கூடத் தெருவில் சாக்கடை மூடி உடைந்து கிடந்தது. தெரு முழுக்கத் தண்ணீர் நின்றதால் குழி தெரியவில்லை. மூடி உடைந்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. எங்கள் தொகுதி உறுப்பினர் ஒவ்வொரு கூட்டத்திலும் அதை மாற்றித் தருவதாகச் சொல்லி வந்தார். அவரை எல்லோரும் மாண்புமிகு என்று அழைப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான் என்று கேள்வி. இரங்கல் கூட்டத்தில் மாண்புமிகு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், போன் பேசிக்கிட்டே நடந்துட்டாங்க. பார்த்து நடந்திருக்கணும்" என்றார். விசாரணையும் அதையே கண்டுபிடித்தது.

அவள் போன் அன்று வீட்டில் சார்ஜில் இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

மாண்புமிகு மறுபடியும் நிற்கிறார். வயதை ஆராயும் குழுவிலும் அவர் இருக்கிறார்.

"அந்தாளுக்கு எதிரா ஒரே ஒரு ஓட்டுப் போடணும் மாமா" என்றாள் வாலு. "அதுக்கப்புறம் எனக்கு ஓட்டே வேணாம். யாருக்காவது குடுத்துடறேன்."

"அப்படிக் குடுக்க முடியாது."

"அப்ப வெச்சுக்கறேன்."

இளையோர் கருத்துக் கேட்பு என்று குழு அறிவித்ததும் பதிவு செய்துவிட்டாள். பதில் வந்தது. பதினெட்டு நிறையாதவர்கள் குழுவின் முன் பேசக் கூடாது. அவர்கள் கருத்தைக் காப்பாளர்தான் பேச வேண்டும். இளையவர் காப்பாளரின் காதில் சொல்லிக்கொள்ளலாம். காப்பாளர் இதுதான் சமயம் என்று சொந்தக் கதை பேசிவிடக் கூடாது என்பதற்காக, காப்பாளர் வாயிலிருந்து வருவது எதுவானாலும் அது மைனரின் பேச்சாகவே பதிவாகும் என்று ஒரு விதியும் இருந்தது. ரொம்ப யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வாசலில் காவலாளி என் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார். 'மைனர்' என்று எழுதியிருந்தது. வாலுவுக்குப் 'பார்வையாளர்'.

"மாத்திப் போட்டுட்டீங்க" என்றேன்.

"பேசப் போறது யாரு?"

"நான்."

"பேசறவங்களுக்குத்தான் மைனர் அட்டை. பேசாம உக்கார்றவங்க பார்வையாளர். எத்தனை வருஷமா வாசல்ல நிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"எனக்குக் கல்யாணமே ஆயிடுச்சுங்க."

"வாழ்த்துகள். உள்ள போங்க."

உள்ளே போவதற்கு முன் பக்குவத் தேர்வு. ஓட்டுப் போடுகிறவருக்குப் பக்குவம் வேண்டும், பக்குவத்தை அளக்க வேண்டும் என்று குழு ஒரு நிபுணரை வைத்திருந்தது. அவர் எங்கள் இருவரையும் ஜன்னல் இல்லாத அறையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். மின்விசிறியை நிறுத்தினார். "இதோ வந்துடறேன்" என்று போனார்.

கொஞ்ச நேரத்தில் வாலு எழுந்து கதவைத் தட்டினாள். "எவ்வளவு நேரம் ஆகும்? எதுக்கு உக்கார வெச்சிருக்கீங்க? பேனைப் போடுங்க சார்!"

வெளியே பேனா கீறும் சத்தம் கேட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் அதைத்தான் செய்கிறேன்.

நிபுணர் திரும்பி வந்தபோது என் சட்டை நனைந்திருந்தது. அவர் முகத்தில் பரவசம்.

"இவ்வளவு நேரம் காக்க வெச்சேன். ஏன்னு நீங்க கேக்கவே இல்லையே?"

"தோணல."

"பேன் ஓடலை, கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"புகார் எதுவும்?"

"இல்ல."

அவர் என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பக்குவத்தை நான் பார்த்ததே இல்லை. எப்பலேருந்து இப்படி இருக்கீங்க?"

"போன மழைலேருந்து."

"பயிற்சி எங்க எடுத்தீங்க?"

"எங்க தொகுதியிலதான்" என்றாள் வாலு. அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

விசாரணை அறையில் நீள மேசை. நடுவில் குழுத் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி. அவர் சாட்சிகளிடம் நேராகப் பேசமாட்டார். தலைவர் வாயைத் திறந்தால் அது தீர்ப்பாகிவிடும் என்பது மரபு. சொல்ல வேண்டியதைச் செயலாளரின் காதில் சொல்வார், செயலாளர் உரக்கச் சொல்வார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு காதும் வாயும். இந்தப் பக்கம் ஒரு காதும் வாயும். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் ஜாடி.

தலைவர் கிசுகிசுத்தார்.

"மைனர் வந்தாச்சான்னு தலைவர் கேக்கிறார்" என்றார் செயலாளர். என் அட்டையைப் பார்த்தார். "வந்தாச்சுங்க ஐயா."

"வணக்கம் சொல்லுங்க மாமா" என்று வாலு காதில் சொன்னாள்.

"வணக்கம்" என்றேன்.

தலைவர் கிசுகிசுத்தார். "தலைவரும் வணக்கம் சொல்றார்."

நிபுணர் எழுந்து தேர்வு முடிவைப் படித்தார். "மைனர், முழு மதிப்பெண். கூட வந்த பார்வையாளர், தேறவில்லை."

மேசையில் சலசலப்பு. மைனர் ஒருவர் முழு மதிப்பெண் வாங்குவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வாங்கக் கூடாது என்பதற்காகத்தான் தேர்வையே வைத்தார்கள். தலைவர் செயலாளரிடம் எதையோ நீளமாகச் சொன்னார். செயலாளர் அதை "ம்" என்று மொழிபெயர்த்தார்.

மாண்புமிகு மைக்கை இழுத்தார். சிறுவர் சிறுமியர்மேல் தனக்கு உயிர் என்று ஆரம்பித்தார்.

"ஆனா ஓட்டுங்கறது வேற. பதினாறு வயசுல ஒரு புள்ளைக்கு என்ன தெரியும்? எனக்கு அந்த வயசுல ஒண்ணுமே தெரியாது. இன்னைக்கு வரைக்கும் அந்த எளிமையை நான் விட்டதில்லை." ஒருவர் கை தட்டினார். "ஒரு நல்ல வாக்காளருக்கு என்ன வேணும்? மறதி வேணும். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் சொன்னதை நானே மறந்துட்டேன். பெரியவங்களும் மறந்துட்டாங்க. அப்பத்தான் மறுபடியும் புதுசா ஒண்ணு சொல்ல முடியும், நாடு முன்னேறும். இந்தப் பசங்களுக்கு அது கிடையாது. நேத்து சொன்னதை இன்னைக்குக் கேக்கறாங்க. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிப் பண்ணிக் கெட்டுப் போயிருக்காங்க. இவங்க கையில ஓட்டைக் குடுத்தா யாராவது ரெண்டாவது தடவை ஜெயிக்க முடியுமா? நான் எனக்காகச் சொல்லலை, எல்லாருக்குமாச் சொல்றேன்."

தம்பியும் கை தட்டினார். மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். நிறுத்திக்கொண்டார்.

தலைவர் கிசுகிசுத்தார். "மைனர் எதாவது சொல்லணுமான்னு தலைவர் கேக்கிறார். சுருக்கமா."

வாலு என் காதருகே வந்தாள். "பள்ளிக்கூடத் தெரு மூடியை எப்பப் போடுவீங்கன்னு கேளுங்க."

கேட்டேன்.

மாண்புமிகுவுக்கு நினைவு வரவில்லை. பக்கத்தில் இருந்த உதவியாளர் எடுத்துக் கொடுத்தார். "ஆங், அதுவா" என்றார் மாண்புமிகு. "அங்க ஒரு அம்மா விழுந்துட்டாங்க இல்ல. நான் நேர்லயே போய் அழுதேன். ஆனா தப்பு மூடி மேல இல்லை. போன்ல பேசிக்கிட்டே போனாங்க. இளைய தலைமுறையோட கவனக்குறைவுக்கு நான் அதைத்தான் எல்லா மேடையிலயும் உதாரணமாச் சொல்றேன். பார்த்து நடக்கத் தெரியாதவங்க எப்படிப் பார்த்து ஓட்டுப் போடுவாங்க?"

சிரித்தார்கள். தலைவர்கூட, செயலாளர் இல்லாமல், நேராகச் சிரித்தார்.

வாலுவின் மூச்சு என் காதில் பட்டது. சொல் எதுவும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு ரொம்ப நாளாக எதுவும் தோன்றியதில்லை. அப்போது தோன்றியது. கழுத்தில் அட்டை தொங்கியது. என் வாயிலிருந்து வருவது எதுவும் என் பேச்சில்லை என்று அவர்களே விதி எழுதி வைத்திருந்தார்கள்.

"அவ போன் வீட்டுல சார்ஜ்ல இருந்துது" என்றேன்.

"என்ன?" என்றார் மாண்புமிகு.

"போன் வீட்டுல இருந்துது. உனக்கு அது தெரியும். போலீஸ்காரங்க வீட்டுக்கே வந்து அதை உன் ஆளுங்ககிட்ட காட்டினாங்க. அதுக்கப்புறமும் நீ மைக் முன்னாடி போய் நின்னு பொய் சொன்ன. கண்ணைத் துடைச்சியே ஒரு கைக்குட்டை, நான் பக்கத்துல நின்னு பார்த்தேன், அது மடிச்ச மடிப்புக் கலையலை. செத்தவ மேல பழியைப் போட்டுட்டு, அதை ஊர் ஊராக் கதை சொல்லிக் கை தட்டு வாங்குற. மூடியை நீ போட வேணாம். அந்தக் குழியில நீயே படுத்துக்க. உன் உடம்புக்குச் சரியா இருக்கும்."

செயலாளர் ஒரு சொல் விடாமல் எழுதினார். எழுதி முடித்து, "மைனர் சொன்னது, பதிவு செய்யப்பட்டது" என்றார்.

வெளியே வந்ததும் வாலு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒண்ணுமே சொல்லலையே மாமா."

"இல்ல. நீதான் சொன்ன. எழுதியே வெச்சுட்டாங்க."

அன்று சாயந்திரமே மாண்புமிகு தன் வக்கீலைக் கூப்பிட்டிருக்கிறார். அங்கே நடந்ததை அவருடைய டிரைவர் கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்தபோது சொன்னார். எழுத்தைப் படித்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் கண்ணாடிக்காரனை உள்ள தள்ளுன்னார். முடியாதுங்க ஐயா, அவன் வாயை மட்டும்தான் குடுத்தான், பேச்சு மைனரோடதுன்னு வக்கீல் சொன்னார். சரி, அந்தப் பொண்ணை உள்ள தள்ளுன்னார். அதுவும் முடியாது, சபை அவமதிப்பு வழக்கை ஓட்டு உள்ளவங்க மேலதான் போடலாம்னு வக்கீல் சொன்னார். ஐயா கொஞ்ச நேரம் யோசிச்சார். அப்புறம் மேசையை ஒரு குத்துக் குத்தி, 'அப்ப அவளுக்கு ஓட்டைக் குடுய்யா'ன்னுட்டார்."

"மூணாவது வரி படிங்க" என்றேன்.

"அது தெரியலைங்க."

வயது குறைப்புக்கு அவ்வளவு பெரிய போராளி அதற்கு முன்னால் பிறந்ததில்லை. மாண்புமிகு குழுவை உலுக்கினார். இழுத்துக்கொண்டே கிடந்த அறிக்கை ஒரே கூட்டத்தில் முடிந்தது. பக்குவ நிபுணர் என் முழு மதிப்பெண்ணை ஆதாரமாகக் காட்டி, மைனர்கள் கல் மாதிரி பக்குவமானவர்கள் என்று எழுதிக் கொடுத்தார். சபையில் மாண்புமிகு பேசினார்.

"நம் பிள்ளைகளை எத்தனை நாள் குழந்தைகள் என்று ஒதுக்கி வைப்பது? பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது. பொறுப்பு என்றால், பேசினால் அனுபவிக்க வேண்டும் என்கிற பொறுப்பு. ஓட்டைக் கொடுப்போம். கொடுத்துவிட்டுப் பார்ப்போம் அவர்களை!"

எதிர்க்கட்சியும் கை தட்டியது. செய்தியில் அவர் படத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில் போட்டார்கள். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத் தெருப் பிள்ளைகள் அவர்கள்.

வக்கீல் இன்னொரு சிக்கலைச் சொன்னார். சட்டம் இன்று வந்தால் வாலு இன்று முதல்தான் மேஜர். பேசிய அன்று மைனர். வழக்கு நிற்காது. ஆகவே கருத்துக் கேட்பு நடந்த தேதிக்கு முந்தின நாளிலிருந்தே சட்டம் செல்லும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். வருங்காலத் தலைமுறைக்காக இறந்த காலத்தையே மாற்றினார் மாண்புமிகு என்று அவர் கட்சிக்காரர்கள் சுவரில் எழுதினார்கள்.

வாலுவுக்கு ஒரே நாளில் இரண்டு வந்தன. காலையில் வாக்காளர் அட்டை. மத்தியானம் சம்மன்.

"எது முதல்ல மாமா?"

"கோர்ட்டுதான். தேர்தல் அடுத்த வாரம்."

நீதிமன்றத்தில் இளம் பெண் நீதிபதி. குழுவின் பதிவை வாங்கிப் படித்தார். திருப்பிப் படித்தார். மாண்புமிகுவின் வக்கீலைக் கூப்பிட்டார்.

"இதுல பேசினது மைனர்னு எழுதியிருக்கு."

"ஆமாங்கம்மா. இதோ நிக்கிறாங்களே, இந்தப் பொண்ணு."

"இந்தப் பொண்ணு அன்னைக்கு மேஜர். நீங்களே சட்டம் போட்டிருக்கீங்க."

"ஆமாங்கம்மா. அதனாலதான் வழக்கு."

"அப்ப மைனர் யாரு?"

வக்கீல் என்னைப் பார்த்தார். எனக்கு வயது முப்பது. வாலுவைப் பார்த்தார். கடைசியில் கூரையைப் பார்த்தார்.

"அன்று அந்த அறையில் மைனர் என்று யாரும் இல்லை" என்று நீதிபதி தீர்ப்பைச் சொன்னார். "இல்லாத ஒருவர் பேசியதாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே யாரும் எதுவும் பேசவில்லை. இந்தப் பெண் போகலாம். ஓட்டுரிமை செல்லும்."

தேர்தல் நாளில் பள்ளிக்கூடத் தெருவிலேயே வாக்குச்சாவடி. பிள்ளைகள் சீருடையில் வரிசையாக நின்றார்கள். உடைந்த மூடி இருந்த இடத்தில் வரிசை தானாக வளைந்து போனது. யாரும் சொல்லவில்லை. குழி எங்கே இருக்கிறது என்று அந்தத் தெருப் பிள்ளைகளின் கால்களுக்கே தெரியும். பெரியவர்கள்தான் மறந்துவிடுவார்கள்.

சாவடி அதிகாரி வாலுவிடம், "காப்பாளர் வரலையாம்மா?" என்று கேட்டாராம்.

"வெளிய நிக்கிறார். அவரு இன்னைக்குப் பார்வையாளர்" என்றிருக்கிறாள்.

மாண்புமிகு தோற்றார். சாதாரணத் தோல்வி இல்லை. அவர் வீட்டிலேயே இரண்டு பேர் பதினாறு, பதினேழில் இருந்தார்கள் என்றும், அவர்கள் ஓட்டுப் போட்ட சாவடியில் அவருக்கு விழுந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு அவர் அவர்களோடு பேசுவதில்லை என்றும் டிரைவர் சொன்னார். டிரைவர் அப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார். புது உறுப்பினர் பதவி ஏற்றதும் பள்ளிக்கூடத் தெரு மூடிக்கு முதல் வேலையாக ஒரு குழு அமைத்தார்.

மறுபடி மழைக்காலம் வந்தது. மாண்புமிகு கடைக்கு வந்தார். தனியாக, நடந்து வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடச் சொன்னேன்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமே தெரியலை தம்பி."

மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்குமாக ஒரே கண்ணாடியில் இரண்டு பவர் எழுதினேன். சரியாகத்தான் எழுதினேன். தொழிலில் நான் பொய் சொல்வதில்லை.

கண்ணாடி தயாரானதும் ஒரு சாயந்திரம் வாங்கிக்கொள்ள வந்தார். வெளியே மழை நின்று, தெரு முழுக்கத் தண்ணீர். வாலு கல்லூரியிலிருந்து நேரே கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை மாட்டிவிட்டேன். இந்தக் கண்ணாடி போடும் எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். "பழகற வரைக்கும் தரை கொஞ்சம் ஏமாத்தும். இருக்கிற இடத்துல இருக்கற மாதிரி தெரியாது."

"பழகிடும், பழகிடும். உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே தம்பி?"

"இருக்காது."

"பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் போனா கிட்டக்க?"

"பள்ளிக்கூடத் தெரு" என்றேன். உண்மையும் அதுதான். "பார்த்து நடங்க."

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். யாரிடமோ தான் மறுபடி பதவிக்கு வரப்போவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

வாலு என்னைப் பார்த்தாள். "மாமா. அங்க மூடி இன்னும் போடலை."

"தெரியும்."

எழுந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவள் மேஜர். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள். "ஐயா! அந்தப் பக்கம் போகாதீங்க! ஐயா, குழி இருக்கு!"

மாண்புமிகு திரும்பிப் பார்த்தார். ஒரு கை போனைப் பிடித்திருந்தது. மறு கையால், போ, போ என்று அவளைத் தள்ளிவிடுவதுபோல் காற்றில் அசைத்தார். சின்னப் பிள்ளைகள் பேச்சை அவர் என்றைக்கும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத் தெரு முனையில் திரும்பினார்.

காப்பாளர் மூலமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். நான் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.